இந்த உடம்பில் பாலுக்கா பஞ்சம்?

போன ஞாயிற்றுக்கிழமை என்னை ஜட்ஜாக உட்கார வைத்துவிட்டார்கள்.

கோர்ட்டில் இல்லை. திருச்சி டவுனில் ஒரு மாதர் சங்கம் நடத்திய பேபி ஷோவில். வாரா வாரம் பத்திரிகையில் எழுதுகிறவளுக்குக் குழந்தைகளைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று அந்தச் சங்கத்துச் செக்ரட்டரி அம்மாள் எப்படித்தான் முடிவு செய்தாரோ! "நான் பிள்ளை பெற்றவள், அவ்வளவுதான்" என்றேன். "அதுவே போதும்மா, வந்துடுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

பந்தலுக்குள் சரியான புழுக்கம். குழந்தைகளுக்கு நைலான் கவுன், காலில் ஷூ, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, கழுத்தில் கரைந்து ஓடும் பவுடர். அத்தனையும் ஒரே குரலில் அழுகின்றன. நடுவில் ஒரு தராசு. ஒவ்வொரு தாயாக வந்து பிள்ளையை அதில் கிடத்த வேண்டும். நர்ஸ் எடையைச் சொல்ல, நாங்கள் மார்க் போட வேண்டும்.

வரிசையில் ஒரு பெண் வந்தாள். நல்ல குண்டு. கையில் இருந்த குழந்தையோ எலும்பும் தோலுமாக இருந்தது. அதைத் தராசில் வைத்ததும் எனக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு ஜட்ஜ் அம்மாள், மைக் முன்னால் இருப்பதை மறந்தாரோ, மறக்கவில்லையோ... "அம்மாவே எல்லாத்தையும் சாப்பிட்டுடறா போலிருக்கு!" என்றார்.

பந்தலே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். குண்டாக இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நாமும் சேர்ந்து சிரித்துவிட்டால் வலி கொஞ்சம் குறையும் என்று ஒரு நினைப்பு. குறையாது. என் உடம்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரிக்‌ஷாக்காரர் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட கதையை இதே பக்கத்தில் எழுதியபோது, 'ஒரு சுற்று இளைக்கக் கூடாதா?' என்று அன்போடு கடிதம் போட்டவர்கள்தானே நீங்கள்!

முதல் பரிசு மரகதத்தின் பையனுக்குப் போயிற்று. மரகதம் எங்கள் ஸ்ரீரங்கத்துக்காரி. எங்கள் தெருவில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். இப்போது புருஷனுக்குப் புது ஃபாக்டரியில் வேலை, கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸ். ஆள் ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. பிள்ளை மட்டும் கொழுகொழுவென்று இருந்தான். பரிசு என்ன தெரியுமா? ஒரு பெரிய பால் பவுடர் டின். மரகதம் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுக்கா? இவன்தான் என்னை விடவே மாட்டேங்கிறானே!"

நானும் சிரித்துவிட்டு, யோசிக்காமல், "தனம் வரலையா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மரகதத்தின் முகம் மாறிவிட்டது. "எங்கேக்கா வருவாங்க? குழந்தை அழற சத்தம் கேட்டாலே எழுந்து கொல்லைப்பக்கம் போயிடறாங்க."

தனம் அவளுடைய ஓரகத்தி. மூத்த மருமகள். அன்று முதல் பேனாவைத் திறந்தால் தனம்தான் வந்து நிற்கிறாள். இந்த வாரம் உங்களைச் சிரிக்க வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கேட்க இஷ்டமில்லாதவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். தனத்திடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "தாராளமா எழுதுங்கக்கா" என்றாள். "ஆனா குண்டுன்னே எழுதுங்க. பூசினாப்பல இருப்பா, வாட்டசாட்டமா இருப்பான்னெல்லாம் மழுப்பாதீங்க."

சரி. தனம் குண்டு.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறாள். புருஷன் சண்முகம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தனத்துக்குப் பிறந்த ஊர் சமயபுரம். அப்பா கோயில் வாசலில் தேங்காய், பழக்கடை வைத்திருக்கிறார். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். கல்யாணமாகி வருஷக்கணக்கில் குழந்தை இல்லை. அதற்கும் உடம்பைத்தான் சொன்னார்கள். "கொழுப்பு கர்ப்பப்பையை மூடியிருக்கும்" என்று எங்கள் தெருவில் வைத்தியம் படிக்காத டாக்டர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

அவள் யாருக்கும் இடம் கொடுக்க மாட்டாள். தானே முந்திக்கொள்வாள். டவுன் பஸ்ஸில் ஒருமுறை என்னோடு வந்தபோது கண்டக்டரிடம், "எனக்கு ஒண்ணரை டிக்கெட் குடுங்க, இந்தக்காவுக்கும் ஒண்ணரை. மொத்தம் மூணு" என்றாளே பார்க்கலாம்! கண்டக்டர் விசிலை ஊத மறந்து சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

கடைசியில் போன வருஷம் அவளும் உண்டானாள். தெரு முழுக்க அதே பேச்சு. "தனத்துக்கு என்ன கவலை? இந்த உடம்புல பாலுக்கா பஞ்சம்? ரெண்டு பிள்ளைக்குக் காணும்!"

"ரெண்டு என்ன, தெருவுக்கே வாடிக்கை ஊத்தறேன். செம்பு எடுத்துக்கிட்டு வாங்க" என்பாள் தனம்.

அதே சமயம் மரகதமும் உண்டாகியிருந்தாள். மரகதம் தலைப்பிரசவத்துக்கு உப்பிலியபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தனத்துக்கு அம்மா இல்லை. அதனால் புகுந்த வீட்டிலேயே பிரசவம். நர்ஸ் வந்து பார்த்தார். ஐப்பசி மழையில் பெண் குழந்தை பிறந்தது.

மாமியார் பாக்கியத்தம்மாளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கொடுமைக்கார மாமியார் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. "மகாலட்சுமி வந்துட்டா" என்று வீடு வீடாகச் சர்க்கரை கொடுத்தவர் அந்த அம்மாள்தான். இத்தனை வருஷமும் பிள்ளை இல்லை என்று தனத்தை ஒரு சொல் சொன்னதில்லை. நல்ல மனுஷி. நல்ல மனுஷிகளை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

குழந்தையைப் பார்க்க நான் போனபோது அது கூடத்தில், பாக்கியத்தம்மாளுக்குப் பக்கத்தில், பழந்துணி மேல் கிடந்தது. துணித் திரியைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தார். தனம் பின்கட்டு அறையில்.

"பிள்ளை ஏம்மா இங்கே கிடக்கு? அவ பக்கத்துல விடக் கூடாதா?"

பாக்கியத்தம்மாள் குரலைத் தாழ்த்தினார். "எப்படிம்மா விடறது? அசந்து தூங்கறப்போ புரண்டு படுத்தான்னா... அவ உடம்பு தெரியும்ல? பிள்ளை என்ன ஆவறது?"

சொல்லும்போதே அந்த அம்மாளுக்கு உடல் நடுங்கியது. பொய் இல்லை, நிஜமான பயம். குழந்தை பார்க்க வந்த புண்ணியவதி யாரோ இதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதிலிருந்து குழந்தை கூடத்தில், தாய் பின்கட்டில். நடுவில் ஒரு ரேழி.

உள்ளே போனேன். தனத்தின் வயிற்றைச் சுற்றி ஒரு பழைய வேட்டியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது.

"ஒரு வாய் தண்ணி குடுக்கச் சொல்லுங்கக்கா. தொண்டை ஒட்டிக்குது."

பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு சரிந்துவிடும் என்று நம் வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. எல்லோருக்கும் உண்டு. ஆனால் தனத்துக்கு டபுள் சட்டம். ஏற்கெனவே இருக்கிற வயிறு இன்னும் சரிந்தால்? "இந்தப் பிரசவத்தோட கொஞ்சம் வத்தினாத்தான் உண்டு" என்று சோற்றையும் கைப்பிடியாகக் குறைத்திருந்தார்கள். பிள்ளை பெற்ற மறுநாளிலிருந்து அவளை இளைக்க வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள்! கஷ்டகாலம்.

அப்போது அடுப்படியிலிருந்து பூண்டு வதங்கும் வாசனை வந்தது. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பூண்டு பால் சுரக்கும் என்று எல்லா வீட்டிலும் கொடுப்பார்கள். அதையாவது கொடுக்கிறார்களே என்று எட்டிப் பார்த்தேன். நெய் மணக்க லேகியம் கிண்டிக்கொண்டிருந்தார் பாக்கியத்தம்மாள். பக்கத்தில் கருவாட்டைப் பொட்டலம் கட்டி வைத்திருந்தார்.

"தனத்துக்கா?"

"இல்லம்மா, மரகதத்துக்கு. அடுத்த மாசம் அவளுக்குப் பிரசவமாச்சே, சின்னவன்கிட்ட உப்பிலியபுரத்துக்குக் குடுத்து விடறேன். நோஞ்சான் உடம்பு, அவளுக்குத்தானே பால் ஊறணும்? தனத்துக்கு எதுக்கு? அதான் உடம்புலேயே இருக்கே."

அதான் உடம்புலேயே இருக்கே! சதையைப் பால் என்று எண்ணிக்கொண்ட கணக்கு. ஒல்லிக்குப் பூண்டும் நெய்யும் கருவாடும்; குண்டுக்குக் கைப்பிடிச் சோறு, வறண்ட தொண்டை. பிறகு ஒல்லிக்குச் சுரந்தது, குண்டுக்குச் சுரக்கவில்லை என்று மூக்கில் விரல் வைப்பது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

நான் சும்மா இருக்கவில்லை. என் கதையைச் சொன்னேன்.

யுத்த காலத்தில் எனக்கு முதல் பிள்ளை பிறந்தான். அப்போதும் நான் இதே உடம்புதான். என் நாத்தனாருக்கும் எனக்கும் முன்பின்னாகப் பிரசவம். அவள் ஒல்லி, அவளுக்குச் சட்டென்று சுரந்துவிட்டது. எனக்கு மார்பு பஞ்சு மாதிரி அப்படியே இருந்தது. என் மாமியார் டின் பாலுக்கு டவுன் முழுக்க ஆள் அனுப்பினார். யுத்தத்தில் டின் ஏது? கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் பிள்ளையை என் மேலேயே போட்டு வைத்தார்கள். சப்பினான், அழுதான், அழுது களைத்துத் தூங்கினான், எழுந்து மறுபடி சப்பினான். நானும் அவனோடு சேர்ந்து அழுதேன். நாத்தனாருக்கு வந்து எவ்வளவோ நாள் கழித்து, நம்பிக்கையெல்லாம் போன பிறகு, எனக்கும் வந்தது. அப்புறம் அவன் நடக்கிற வரைக்கும் குடித்தான்.

கடையில் டின் இருந்திருந்தால்? அன்றே திறந்திருப்பார்கள். எனக்குப் பால் இல்லை என்று தீர்ப்பு எழுதியிருப்பார்கள்.

"எங்க குடும்பத்துல பெரிய உடம்புக்காரிங்க எல்லாருக்கும் இப்படித்தாம்மா. தாமதமாத்தான் வரும், ஆனா வரும். பிள்ளையை அவகிட்டயே விடுங்க. அவளுக்குத் தண்ணி குடுங்க. வயிறு நிறையச் சோறு போடுங்க" என்றேன். குண்டானவளுக்கு ஏன் தாமதமாகிறது என்று எனக்குத் தெரியாது. டாக்டர்கள் ஏதாவது காரணம் வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது நான் பட்டது மட்டும்தான்.

பாக்கியத்தம்மாள் என் முகத்தையே பார்த்தார். "நீங்க எழுதறவங்க, நாலும் சொல்லுவீங்க. பிள்ளை பசியில வீல் வீல்னு கத்துதே... அதுக்கு நான் என்ன பதில் சொல்றது, சொல்லுங்க?"

நியாயமான கேள்விதான். பசியில் கதறுகிற குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு 'பொறு' என்று சொல்ல யாரால் முடியும்?

நானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் தனத்திடம் கொடுத்தேன். பெரிய மார்பு, சின்ன வாய். குழந்தைக்குப் பிடிக்கத் தெரியவில்லை, தாய்க்குக் கொடுக்கத் தெரியவில்லை. முகம் முழுக்கச் சதையில் புதைந்தது. "ஐயோ, மூச்சு முட்டுது!" என்று பாக்கியத்தம்மாள் பாய்ந்து வந்து பிடுங்கிவிட்டார். மறுபடி வாங்கினேன். தனத்தைச் சாய்ந்து உட்காரச் சொல்லி, மடியில் தலையணை வைத்து, அடியில் கை கொடுத்துத் தாங்கிப் பிடிக்கச் சொன்னேன். அந்த வாய் ஒரு வழியாகப் பற்றிக்கொண்டது. தனம் என்னைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தாள். "இழுக்குதுக்கா!" என்றாள். அவள் முகத்தில் நான் பார்த்த கடைசிச் சந்தோஷம் அதுதான்.

அந்த நேரம் பார்த்தா விருந்தாளிகள் வர வேண்டும்? எதிர்வீட்டு அம்மாள், அவர் மகள், மகளின் சிநேகிதி. நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். "இன்னும் வரலையா? இவ்வளவு இருந்துமா?" என்றார் எதிர்வீட்டம்மாள்.

தனம் சட்டென்று மாராப்பை இழுத்து மூடிக்கொண்டாள். குழந்தை அழுதது. "வெளியில போர்டுதான் பெரிசு. கடையில சரக்கு இல்லே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். குழந்தை மறுபடி கூடத்துக்குப் போய்விட்டது.

அன்று சாயங்காலமே சண்முகம் டின் வாங்கி வந்துவிட்டான். டின் என்ன சுலபத்திலா கிடைக்கிறது? கடையில் கேட்டால் இல்லை என்கிறான். சண்முகம் யாரையோ பிடித்து, அவர் யாரையோ பிடித்து... ஜெயித்து வந்தவன் மாதிரி டின்னைக் கொண்டுவந்து வைத்தான். வீடே சுற்றி நின்று பார்த்தது. இன்னொரு டின் எப்போது கிடைக்குமோ என்ற பயத்தில் பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினார்கள். கிணற்றுத் தண்ணீர். பாட்டிலைக் கழுவினார்கள், யார் இல்லை என்றது? நிப்பிள் கீழே விழுந்தால் முந்தானையில் துடைத்தார்கள்.

குழந்தை குடித்தது. தூங்கியது. எப்பேர்ப்பட்ட நிம்மதி! மறுநாள் வாசலில் என்னைப் பார்த்த பாக்கியத்தம்மாள், "பார்த்தீங்களா? வயிறு நிறைஞ்சதும் எப்படித் தூங்குது பாருங்க" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம்.

சில நாள் கழித்து நான் போனபோது தனம் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். "அக்கா, மாரு கல்லு மாதிரி கனக்குது. கையை வைக்க முடியலே. ஜுரம் அடிக்குது."

"அடியே, வந்துடுச்சுடி!" என்று நான் கத்தியது அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். "பால் வந்துடுச்சு! பிள்ளையைக் கொண்டு வாங்க!"

பாக்கியத்தம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது நீர் கோத்துக்கிட்டிருக்கும்மா. பாலாவே இருந்தாலும் ஜுரத்துல குடுக்கக் கூடாது. அதுவும் சதை போட்ட உடம்புப் பால் பிள்ளைக்கு மந்தம். ஏற்கெனவே நேத்திலேருந்து பேதியா போகுது." கெஞ்சினேன். கடைசியில் என் தொல்லை பொறுக்காமல் கொண்டுவந்து போட்டார். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கு ரப்பர் பழகிவிட்டிருந்தது; சப்புவதற்குச் சக்தியும் இல்லை. "பார்த்தீங்களா, பிடிக்கவே இல்லை" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பேதிக்கு வசம்பு உரைத்துக் கொடுத்தார்கள். பாட்டிலையும் விடவில்லை. குழந்தையின் கண் உள்ளே போனதும்தான் பயந்துகொண்டு குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அங்கே நடந்ததைத் தனம் எனக்குப் பிறகு சொன்னாள். இளவயது டாக்டராம். நல்ல மாதிரியாகத்தான் கேட்டாராம்.

"தாய்ப்பால் குடுக்கறீங்களா?"

"அவளுக்குப் பால் இல்லைங்க டாக்டர்" என்றாராம் பாக்கியத்தம்மாள்.

டாக்டர் தனத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உடம்பைக் கொஞ்சம் குறைக்கப் பாருங்கம்மா" என்று சொல்லி, மருந்து எழுதப் போய்விட்டாராம். தனம் அப்போது புடவைத் தலைப்பை இரண்டு மடிப்பாகப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏண்டி, வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?" என்று நான் கத்தினேன்.

"அத்தை பேசிக்கிட்டிருக்கறப்போ எப்படிக்கா குறுக்கே பேசறது? அதுவும் ஆம்பளை டாக்டர்கிட்ட, அந்த விஷயத்தை..." என்றாள். "எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. எல்லாரும் இல்லை இல்லைன்னு சொன்னாங்களா... ஒருவேளை இது பால் இல்லையோ என்னமோன்னு நினைச்சேன்."

குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. பெயர்கூட வைக்கவில்லை. கொள்ளிடக் கரையில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

யாரைத் திட்டட்டும்? சொல்லுங்கள். பேத்தி நசுங்கிவிடுவாளோ என்று நடுங்கிய பாட்டியையா? ஊரெல்லாம் அலைந்து டின் கொண்டுவந்த அப்பனையா? டாக்டருக்கு வெளியே ஏகப்பட்ட கூட்டம் காத்திருந்திருக்கும். எதிர்வீட்டம்மாள் கேட்டதும் கேள்விதானே? எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் அந்தக் குழந்தை பிழைக்க வேண்டும் என்றுதான் ஆளுக்கு ஒன்று செய்தார்கள். எனக்கு அடிவயிறு எரிகிறது. எரிந்து என்ன?

இதை எழுதி மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது? இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒரு குண்டு மருமகள் இருப்பாள். "அடப் பாவமே" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை மடித்து வைப்பீர்கள். அவளுக்குப் பிள்ளை பிறந்ததும் தண்ணீர்ச் செம்பை ஒளித்து வைப்பீர்கள். குழந்தையை நகர்த்திப் போடுவீர்கள். "இந்த உடம்புல பாலுக்கா பஞ்சம்?" என்று முதலில் சொல்வீர்கள், "இவ்வளவு இருந்துமா?" என்று பிறகு சொல்வீர்கள். நடுவில் அவளுக்கு நாம் கொடுக்க வேண்டிய அவகாசத்தை யாரும் கொடுக்கப் போவதில்லை. பந்தலில் மைக் வைத்துச் சிரிக்கிற படித்த சீமாட்டிகளையே பார்த்துவிட்டு வந்தவள் நான். எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை.

துக்கம் கேட்க அந்த வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் சண்முகம் நின்றிருந்தான். கையில் வாழை இலையில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலம். மல்லிகைப்பூ. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாவு வீட்டுக்குள் யாராவது மல்லிகைப்பூ வாங்கி வருவார்களா?

"அம்மாதான் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. மார்ல வெச்சுக் கட்டினா பால் வத்திடுமாம்" என்றான். "கோபுரத்துக்கிட்ட பூக்காரம்மா, இவ்வளவு பூவா, வீட்ல என்ன விசேஷம்னு கேட்டாங்கக்கா..." பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

உள்ளே தனம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மார்பு இரண்டும் விண்ணென்று வீங்கி, புடவை நனைந்து, மடியெல்லாம் ஈரம். குடிக்கிற வாய் போன பிறகு நிற்காமல் ஊறிக்கொண்டிருந்தது. பாக்கியத்தம்மாள் என்னிடம் இருந்து பொட்டலத்தை வாங்கினார். அழுது அழுது அவருக்குக் கண்ணே தெரியவில்லை. பூவை அள்ளி அள்ளி வைத்து, மேலே துணியைச் சுற்ற ஆரம்பித்தார். "வலிக்குதா கண்ணு, வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே சுற்றினார்.

தனம் குனிந்து அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல், தெரியாததைத் தெரிந்துகொள்ள ஒரு குழந்தை கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"ஏன் அத்தை, இல்லாத பாலுக்கா இவ்வளவு பூ?"